சிலாஸ் அளக்காத கெபாசிட்டர்கள்

பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது என்று அந்தக் கைகளுக்குத் தெரியும். ஒரு பல்பிலிருந்து நீளும் இரண்டு ஒயர்களைப் பெரிய கெபாசிட்டரின் கால்களில் தொட்டு, உள்ளே மிச்சமிருந்த மின்சாரத்தை வடித்தன. மீட்டரை வைத்து உறுதி செய்துகொண்டன. அதன் பிறகுதான் சால்டரிங் அயர்னை எடுத்தன.

கைகள் சிலாஸுடையவை. தொலைபேசித் துறையில் வேலை, போலாரத்தில் வீடு. மாலை நேரங்களில் பழைய ஆம்ப்ளிஃபயர்களைச் சரிசெய்து தருவார். செகந்திராபாத் ரேடியோ கடைகளின் வாசலில் நின்று, மெக்கானிக்குகள் செய்வதைப் பார்த்துப் பார்த்தே பழகிய வேலை.

சைனிக்புரியிலிருந்து சாஃப்ட்வேர்காரர்கள் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "இருபது வருஷம் ஆச்சுன்னா எல்லாக் கெபாசிட்டரையும் மாத்திடணுமாம் சார், இன்டர்நெட்ல போட்டிருக்கான்."

"வயசைப் பார்த்து வீட்டுக்கு அனுப்புறது எங்க கவர்மென்ட் பழக்கம். கெபாசிட்டருக்கு அது நக்கோ, வேணாம்" என்பார் சிலாஸ்.

மாற்ற வேண்டுமென்றால் தலை உப்பியிருக்க வேண்டும், அல்லது அடியில் கசிந்திருக்க வேண்டும், அல்லது பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கர் உம்மென்று இரைய வேண்டும். எதுவானாலும் கடைசித் தீர்ப்பு மீட்டருடையது. அது சொல்லாமல் எதையும் கழற்ற மாட்டார்.

இப்படிப்பட்டவர், தம் கையாலேயே செய்து வீட்டுக் கூடத்தில் வைத்திருந்த ஆம்ப்ளிஃபயரின் மூடியை மட்டும் திறந்தே பல வருடங்கள் ஆகியிருந்தன. மகள் ரேச்சலுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பேகம்பேட்டில் குடியேறப் போகிறவள், சீதனமாக அதைத்தான் கேட்டாள்.

"தரேன்மா. கொஞ்சம் வேலை பாக்கி, முடிச்சுட்டுத் தரேன்."

"என்ன வேலை டாடி?"

"பார்க்கணும்."

மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு ஞாயிறு மாலை மாப்பிள்ளை ஜோனத்தன் வந்திருந்தான். குடும்ப ஜெபத்துக்கு முன்பு அந்த வீட்டில் கேசட்டில் ஒரு கீர்த்தனை ஓடும். பிறகு எல்லோரும் பாடுவார்கள். அன்று கேசட் முடிந்ததும் ஜோனத்தன் மரியாதையாக எழுந்து ஆம்ப்ளிஃபயரையும் அணைத்துவிட்டான். அங்கே யாரும் செய்யாத காரியம் அது.

சிலாஸின் மனைவி ஜெயசுந்தரி பாட்டைத் தொடங்கினார். இரண்டாவது வரியிலேயே எல்லோருக்கும் கழுத்து நரம்பு புடைத்தது.

"மம்மி, டூ ஹை! கீழ எடுங்க."

கீழே எடுத்தார். சிலாஸின் குரல் தரைக்குள் போய்விட்டது.

"என்னமோ இன்னிக்குப் பிடியே கிடைக்கலை" என்றார் ஜெயசுந்தரி.

ஜோனத்தனுக்கு ஏதோ தோன்றியது. போய் சுவிட்சைப் போட்டான். ஸ்பீக்கர் உம்மென்றது. ஜெயசுந்தரியின் முகம் மலர்ந்தது. பாட்டு சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது.

ஆமென் சொன்னதும் ஜோனத்தன், "அங்கிள், ஆன்ட்டிக்குச் சுருதிப்பெட்டியே இதுதான் போலிருக்கு" என்றான்.

"எது? எனக்கு ஒரு சத்தமும் கேட்கலையே."

"கைக்கு? எதுக்குக் கேட்கும்?" என்றார் ஜெயசுந்தரி. "கேட்டா மாத்தணும். மாத்தினா குடுக்கணும். ஊரார் கெபாசிட்டருக்கெல்லாம் மீட்டர் வைப்பீங்க. நம்ம வீட்டுது மட்டும் முகத்தைப் பார்த்தே நல்லாயிருக்குன்னு தெரியுமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். ரேச்சல் சிரிக்கவில்லை. "தர மனசில்லன்னா ஸ்ட்ரெயிட்டா சொல்லிடுங்க டாடி. நான் கேட்கவே மாட்டேன்."

அந்த வாரமே மூடி திறந்தது. மின்சாரத்தைச் சீராக்கித் தரும் இரண்டு பெரிய கெபாசிட்டர்களும் வெளியே பார்க்க மாப்பிள்ளை மாதிரிதான் இருந்தன. மீட்டரோ, சக்தி பாதிகூட மிச்சமில்லை என்றது. அவற்றைக் கழற்றிவிட்டு, மைனஸ் கோடு எந்தப் பக்கம் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துப் புதியவற்றை வைத்தார்.

பிறகு சின்னவற்றை ஒவ்வொன்றாக அளந்தார். ஒன்றாவது கெட்டிருந்தால் கடைக்குப் போக வேண்டும், இன்னும் சில நாள் கிடைக்கும். ஒன்றுகூடக் கெட்டுப்போய் உதவவில்லை.

"இன்னும் ஏதாவது பார்க்கணுமா?" என்று அடுக்களையிலிருந்து கேட்டார் ஜெயசுந்தரி.

"மீட்டர் ஒத்துக்க மாட்டேங்குது."

மின்சாரம் வரும் வழியில் ஒரு பல்பை வைத்து சுவிட்சைப் போட்டார். பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கியது, உள்ளே குற்றமில்லை. ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தார். சத்தமே இல்லை.

மூடியை முடுக்கி, துணியால் துடைத்து, ரேச்சலைக் கூப்பிட்டார்.

"டிரான்ஸ்பார்மர் இந்தப் பக்கம், கனமா இருக்கும். அடியில கை குடு."

கொடுத்தாள்.

"பிடிச்சியா?"

"பிடிச்சுட்டேன் டாடி. நீங்கதான் இன்னும் விடலை."

விட்டார்.