சதுரங்கப்பட்டினத்துக் கிடங்கில்

என் கணவருக்கு ஓர் அக்கா. எங்கள் பக்க வழக்கப்படி நான் அவரை நங்கையா என்று கூப்பிடுவேன். பல்லடம் ரோட்டில் ஒரு நூல் மில்லில் பல வருஷம் வேலை பார்த்ததில், மெஷின் இரைச்சலுக்குக் காது மந்தமாகிவிட்டது. பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும்.

அறுபதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணமான புதிதில், பழைய பனியன் மெஷின் ஒன்றைப் பார்க்க என் கணவர் மெட்ராஸ் கிளம்பினார். கடல் பார்க்கும் ஆசையில் நானும் நங்கையாவும் ஒட்டிக்கொண்டோம். மகாபலிபுரம் பார்த்த கையோடு சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்கும் போனோம். மெல்லிசுத் துணியெல்லாம் ஒரு காலத்தில் அங்கிருந்துதான் கப்பலேறியதாம்.

மத்தியான வெயில். எங்களைத் தவிர ஆளே இல்லை. வெள்ளைக்காரர்களின் கல்லறைகளில் எலும்புக்கூடுகளைச் செதுக்கியிருந்தார்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நங்கையா சட்டென்று திரும்பினார்.

"இதா, வர்றனுங்க" என்று யாருக்கோ பதில் சொல்லிவிட்டு, துணிக் கிடங்கு இருந்த பக்கம் விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

உள்ளே வளைந்த செங்கல் கூரை, அரை இருட்டு. நங்கையா இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி நின்றார். ஈரத் துணியை இருவர் உதறி மடிக்கும்போது ஒரு முனையைப் பிடித்திருப்போமே, அப்படி. கைகள் முன்னும் பின்னும் இழுபட்டன. எதிரே ஒருவரும் இல்லை.

"யாருங்க அங்க?" என்றேன், எனக்கே கேட்காதபடி.

"இரு கண்ணு. அந்தப் புள்ள ஒத்தையில மடிக்க முடியலீன்னு கூப்புடுது."

நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருக்கிறது! கையைப் பற்றி இழுத்தேன். விரல்கள் சில்லென்று நனைந்திருந்தன. தரையோ காய்ந்த மண்.

வெளியே வந்ததும் என் கணவர், "அக்கா, பஸ்ஸு போயிருமுங்க!" என்று கத்தினார். நங்கையா திரும்பவே இல்லை. காது பழையபடி ஆகிவிட்டிருந்தது.

வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்றார் என் கணவர். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

பல மாசம் கழித்து, அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நங்கையா, நான் கேட்காமலே சொன்னார்:

"அந்தப் புள்ள பேரு கூடச் சொல்லுச்சு கண்ணு. யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்கன்னும் சொல்லுச்சு."

கடைசிவரை அவர் அந்தப் பேரைச் சொல்லவில்லை. நானும் கேட்கத் துணியவில்லை.