கானுக்குள் விழுந்த பிடி

வினோதாவுக்குக் கொட்டகலை பஜாரில் ஒரு மருந்துக்கடையில் வேலை. கடை அடைத்து பஸ்ஸில் வந்து இறங்கும்போது இருட்டிவிடும். அங்கிருந்து அவர்கள் வீடிருக்கும் தோட்ட லயத்துக்குத் தேயிலை மலையூடாக ஒரு குறுக்குப் பாதை. அவளைக் கூட்டிப்போக அண்ணன் கஜேந்திரன் டோர்ச்சுடன் நிற்பான். அந்த ஏற்பாட்டின் பேரில்தான் அவளை வேலைக்கே அனுப்பினார்கள். இப்போது அவனுக்குக் கொழும்பில் வேலை கிடைத்து, திங்கட்கிழமை காலை புறப்படுகிறான். அத்தோடு மகளும் வீட்டில் இருக்க வேண்டியதுதான் என்று அம்மா மீனம்மா சொல்லிவிட்டாள்.

"தனியா வந்துருவேன்மா. ஜியுஜிட்சு சும்மாவா படிக்கிறேன்?"

ஹட்டனில் ஒரு மண்டபத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் வகுப்பு அது. எதிராளியைத் தரையில் விழுத்தி, கட்டிப் புரண்டு, கையையோ கழுத்தையோ மடக்கி அடக்கும் வித்தை. போன வருடம் கண்டியில் வாங்கிய வெள்ளிப் பதக்கம் சுவரில் தொங்கியது.

"மெத்தையில எல்லாரும் சூரங்கதான். பாதையில என்னை மடக்கிக் காட்டு, அம்மாகிட்ட நானே பேசுறேன்," என்றான் கஜேந்திரன்.

சனிக்கிழமை பௌர்ணமிப் போயா, கடை லீவு. வேலைக்குப் போகிற கோலத்திலேயே அவளைக் குறுக்குப் பாதைக்கு வரச் சொன்னான். செருப்பு, தோள்பை, குளிருக்குப் போடும் சால்வை எல்லாம் இருக்க வேண்டும். தன் கூட்டாளி ஜீவராஜையும் கூட்டிவந்திருந்தான்.

"இவரு எதுக்கு?"

"வேடிக்கை பாக்க."

கஜேந்திரன் எதிரே வந்து அவள் கையைப் பிடித்தான். வினோதா குனிந்து அவன் கால்கள் இரண்டையும் வாரினாள். விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்தாள். மண்டபத்தில் என்றால் இதோடு பாதி வெற்றி. இங்கே தரை சரிவு. இருவரும் தேயிலைக்கிடையில் உருண்டு, தண்ணீர் ஓட வெட்டியிருந்த கானுக்குள் போய் விழுந்தார்கள். இப்போது அடியில் கிடந்தவள் அவள். முதுகில் கல் குத்தியது. ஆனாலும் பிடியை விடவில்லை. கால்களால் அவன் இடுப்பைக் கட்டிக் கழுத்தை நெருக்கினாள். கஜேந்திரன் அவள் தோளைத் தட்டினான். தோல்வியை ஒப்புக்கொள்ள அவள் சொல்லிக்கொடுத்திருந்த அடையாளம் அது.

"பாத்தியா?" என்றாள், மூச்சிரைக்க.

ஒரு விரல் அவள் நெற்றியைத் தொட்டது. ஜீவராஜ் கான் ஓரத்தில் குந்தியிருந்தான்.

"தங்கச்சி, நான் ரெண்டாவது ஆளு. என் கையில கல்லு இருக்குன்னு வச்சிக்க."

அவளுடைய கைகளும் கால்களும் அண்ணனைப் பிடிப்பதிலேயே முடங்கிக் கிடந்தன. தலையைத் திருப்பக்கூட இடமில்லை.

"வேலைய விட்டுரு, புள்ள," என்றான் கஜேந்திரன், கழுத்தைத் தடவிக்கொண்டு.

"இன்னொரு தடவை. ரெண்டு பேருமே வாங்க."

இம்முறை கஜேந்திரன் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். வினோதா இடுப்பைத் தாழ்த்தி, அவன் விரல்களைப் பிரித்துத் திரும்பினாள். அதுவும் மண்டபத்தில் படித்ததுதான். போட்டியில் புள்ளி கிடைக்காத பாடம் என்பதால் அதிகம் பழகியதில்லை. கஜேந்திரன் சறுக்கி உட்கார்ந்தான். அவன்மேல் பாய அவள் உடம்பு தானாகவே சாய்ந்தது. சாய்ந்ததை நிமிர்த்திக்கொண்டு ஓடினாள். ஜீவராஜ் சால்வையை எட்டிப் பிடித்தான். அதை அவன் கையிலேயே விட்டுவிட்டு, செருப்பும் கழன்றுபோக, ஏற்றத்தில் ஓடி, தண்ணீர் கொட்டும் லயத்துப் பீலியடிக்கு வந்து நின்றாள். அங்கே பெண்கள் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். மீனம்மாவும் இருந்தாள்.

"என்னடி கோலம் இது? பன்னி துரத்திச்சா?"

"ரெண்டு பன்னிம்மா."

சற்றுக் கழித்து இருவரும் இரைக்க இரைக்க வந்து சேர்ந்தார்கள். கஜேந்திரன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

"கட்டிப் புரண்டா ஒரு ஆளுக்குச் சரிம்மா. ரெண்டு பேருன்னா மாட்டிக்கிருவா. ஆனா பிடிய ஒடச்சிட்டு ஓடுறா பாரு, எங்களால புடிக்க முடியல."

மீனம்மா அவனைப் பார்க்கவில்லை. ஜீவராஜின் கையிலிருந்த சால்வையை வாங்கி விரித்தாள். ஒரு முனை கிழிந்திருந்தது.

"நுவரெலியாவுல வாங்குனது. ரெண்டு மாசம்கூட ஆகல," என்று சொல்லி அதை வாளிக்குள் அமுக்கினாள்.

"திங்கக்கெழம பழசப் போட்டுக்கிட்டுப் போ," என்றாள் பிறகு. "அத எவன் கையிலயும் விட்டுட்டு வரலாம்."