சிக்கல் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு கயிற்றுக் கட்டில்

மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்திலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பிய ராமநாதபுரம் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர். பேருந்தில் பாதிப் பேர் ராமேஸ்வரம் போகிறவர்கள். தீர்த்தமாடுவதற்கு மாற்றுத்துணி, காலித் தண்ணீர் கேன் சகிதம் உட்கார்ந்திருந்தார்கள். நான் போனது கோயிலுக்கு அல்ல. ராமநாதபுரத்துக்கு அந்தப் பக்கம் சிக்கல் என்ற ஊரில் இருக்கும் என் அண்ணன் முனியசாமியைப் பார்க்க.

அண்ணனுக்கு அங்கே மிளகாய்ச் சாகுபடி. அறுவடை நேரத்தில் வந்த மழையில் காயப்போட்டிருந்த மிளகாயில் பாதி பூஞ்சை பூத்துப் போய்விட்டது. அதிலிருந்து அவர் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை என்று மதினி போனில் சொன்னார். "நீ ஒரு எட்டு வந்துட்டுப் போ மாலா. நீ சொன்னாத்தான் கேப்பாரு" என்றார். பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் எனக்கு லீவு கிடைப்பது லேசல்ல. ஆனாலும் மதினி அப்படி வாய்விட்டுக் கூப்பிடுகிறவர் கிடையாது. கிளம்பிவிட்டேன்.

பரமக்குடி தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. சாலையின் இரு பக்கமும் சீமைக்கருவேலம். இடையிடையே வெட்டவெளியில் மிளகாயை விரித்திருந்தார்கள். ஜன்னல் வழியே நெடி வந்து எல்லோரும் தும்மினோம்.

ராமநாதபுரத்தில் பஸ் மாறும்போதுதான் யோகராணியைப் பார்த்தேன். சிக்கல் பேருந்தின் பின்வாசலில் ஒரு கயிற்றுக் கட்டிலை வைத்துக்கொண்டு நான்கைந்து பெண்கள் நின்றார்கள். கண்டக்டர் வழிமறித்தார்.

"ஏம்மா, இதுல யாரப் படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போகப் போறீக?"

"படுக்கிற ஆள் நான்தான் அண்ணை. இப்போதைக்கு நிண்டுகொண்டு வாறன்" என்றாள் அவர்களில் உயரமானவள். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டு, லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக் கட்டிலைப் பின்சீட்டின் மேல் சாய்த்து வைக்க இடம் பண்ணினார்.

அந்த உயரமானவள்தான் யோகராணி. என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவள். பேச்சு மட்டும் கடலுக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு. முகாம் பெண்கள் சேர்ந்து ஊர் ஊராகப் போய் நாடகம் போடுகிறார்களாம். அன்று சாயங்காலம் சிக்கலில்.

"கட்டிலை எதுக்குச் சுமக்குறீங்க? ஊர்ல கேட்டா யாரும் தர மாட்டாங்களா?"

"முதல்ல கேட்டுப் பார்த்தம். மனவருத்தக்காரி படுக்கிறதுக்கெண்டு சொன்னா, தங்கட கட்டிலைத் தரமாட்டினம். தொத்திப் போடுமெண்டு பயம்."

மனச்சோர்வைப் பற்றிய நாடகம் அது. கதை என்னவென்று கேட்டேன். "கதையெண்டு பெரிசா ஒண்டும் இல்லை அக்கா. ஒரு ஆள் படுத்திருக்கும். எழும்ப ஏலாது. வாறவை போறவை எல்லாம் புத்தி சொல்லுவினம்." மடியிலிருந்த பையை நகர்த்திக்கொண்டு, "என்ர ரெண்டாவது பிள்ளை பிறந்தாப் பிறகு நானும் அப்படித்தான் கிடந்தனான். ஒரு நர்ஸ் அக்கா வந்து கட்டில்ல எனக்குப் பக்கத்தில இருந்து, உனக்கு என்ன செய்யுதெண்டு கேட்டா. அதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை" என்றாள். வெட்கமோ தயக்கமோ இல்லாமல், பழைய காய்ச்சலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அண்ணனை இந்த நாடகத்துக்கு எப்படியாவது கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

சிக்கலில் இறங்கியபோது மத்தியானம் ஆகியிருந்தது. அண்ணன் வண்டியோடு நின்றார். இளைத்திருந்தார், அவ்வளவுதான். வீட்டு வாசலில் மிளகாயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த மதினி பாண்டியம்மாள் கையைக் கழுவிவிட்டு ஓடிவந்தார். மகளிர் குழுவுக்குத் தலைவி, களையெடுப்பிலிருந்து பேங்க் வேலை வரை ஒற்றை ஆளாகப் பார்ப்பவர். மீன் குழம்பு ஊற்றி எனக்கும் அண்ணனுக்கும் பரிமாறினார். "நீங்களும் உக்காருங்க மதினி" என்றால், அப்போதே சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார்.

மனச்சோர்வைப் பற்றிய நாடகம் என்று சொல்லிக் கூப்பிட்டதும் அண்ணன் முகம் சுளித்தார். "எனக்கென்ன பைத்தியமா? மிளகா போனா மனுசனுக்கு வருத்தம் இருக்காதா? அடுத்த வருசம் பாத்துக்கிரலாம்." கடைசியில் மதினிதான், "மாலா இம்புட்டுத் தூரம் வந்துருக்கா, வாங்களேன்" என்று கிளப்பினார்.

ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் நூறு பேர் இருப்பார்கள். முதலில் கும்மி. அப்புறம் நடுவில் கட்டிலைப் போட்டு யோகராணி சுருண்டு படுத்துக்கொண்டாள். புருஷன், பக்கத்து வீட்டுக்காரி, சித்தி என்று ஒவ்வொருவராக வந்து புத்தி சொல்லிப் போனார்கள். எல்லாம் நம் வீடுகளில் சொல்கிற அதே வார்த்தைகள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. திடீரென்று யோகராணி எழுந்து உட்கார்ந்தாள்.

"மூண்டு பேர் கதைச்சும் நான் எழும்பேல்லை. உங்களில ஆருக்காவது ஏலுமெண்டா வந்து கதையுங்கோ. நான் எழும்புறனோ பார்ப்பம்."

தலைப்பாகை கட்டிய ஒருவர் வந்தார். "காலாற நடந்தா எல்லாம் சரியாப் போகும் தாயி." அவள் எழவில்லை. ஒரு அம்மா மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னார். எழவில்லை. ஒரு இளைஞன் போனில் பாட்டுப் போட்டுக் காட்டினான். அதற்கும் எழவில்லை. நான் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சுவரில் சாய்ந்து எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது என் பக்கத்திலிருந்து மதினி எழுந்து போனார்.

புத்தி சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். கட்டிலருகே போய், "நீ எந்திரி தாயி" என்றார். யோகராணி புரியாமல் எழுந்தாள். மதினி அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டார். சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டார். கூட்டம் வேடிக்கை என்று சிரித்தது. சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது.

"எனக்கு ஒரு குறையுமில்ல" என்றார் தலைப்புக்குள்ளிருந்தே. "அதான் யார்ட்டயும் சொல்லத் தெரியல. சோறு எறங்க மாட்டேங்குது. தூங்கி எத்தன மாசமாச்சுன்னு தெரியல. காலைல முழிக்காமயே போயிட்டா நல்லாருக்கும்னு தோணுது. அப்பறம் எந்திரிச்சு வேலையப் பாக்குறேன்."

அண்ணன் சுவரை விட்டு வந்தார். அத்தனை பேர் முன்னால், கட்டிலுக்குக் கீழே மண்ணில் உட்கார்ந்தார். யோகராணியைப் பார்த்து, "என்ன சொல்றதுன்னு தெரியலயேம்மா" என்றார்.

"ஒண்டும் சொல்ல வேண்டாம் அண்ணை. கேளுங்கோ."

"என்னத்த கேக்க?"

"உங்களுக்கு எது தெரிய வேணுமோ, அதை."

அண்ணன் கட்டில் பக்கம் திரும்பிக் கேட்டார்: "எப்பருந்து புள்ள?"

"போன ஆடியிலருந்து" என்றார் மதினி. தலைப்பை விலக்கினார். "நீங்க வெளையாட்டா எடுத்துக்கிருவீகளோன்னு பயமா இருந்துச்சு."

அதற்கப்புறம் நாடகம் நடக்கவில்லை, தேவைப்படவும் இல்லை. தலைப்பாகைக்காரர் மறுபடி எழுந்து, பஸ் ஓட்டுவதை விட்டு வீட்டில் உட்கார்ந்த வருஷம் தானும் இப்படித்தான் இருந்ததாகவும், குடித்துக் குடித்து மறைத்ததாகவும் சொன்னார். வேறு இரண்டு பெண்கள் எழுந்து பேசினார்கள். ஒருத்தி பேசாமல் அழுதுவிட்டு உட்கார்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை. குழுவோடு வந்திருந்த நர்ஸ், ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரியில் இதற்கென்று டாக்டர் இருப்பதைச் சொல்லி, எங்கே சீட்டு வாங்க வேண்டும் என்பதையும் விளக்கினார். என்னைத் தனியே அழைத்து, "அதுவரைக்கும் அவங்களைத் தனியா விடாதீங்க" என்றார். விடவில்லை. அன்று ராத்திரி மதினி நடுவில், நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் படுத்தோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் சமைத்தேன். உப்பு கூடிவிட்டது என்று மதினியே சொன்னார்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மூவரும் ராமநாதபுரம் போனோம். டாக்டர் சின்ன வயசுப் பெண். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று சுற்றி வளைக்காமல் கேட்டார். மதினியும் மறைக்காமல் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது ஒரு வியாதிம்மா. சர்க்கரை, பிரஷர் மாதிரிதான். மருந்து வேலை செய்யக் கொஞ்ச வாரம் ஆகும். நடுவுல நிறுத்திரக் கூடாது. பேசுறதுக்கும் வரணும்" என்றார்.

மதினி நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நான் சோம்பேறி இல்லயா டாக்டர்?"

"நீங்களா?" என்றார் டாக்டர். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

வெளியே வந்ததும் அண்ணன், "இம்புட்டு வந்தாச்சு, கடலப் பாத்துட்டுப் போவமா?" என்றார். மண்டபம் நாற்பது கிலோமீட்டர். பேருந்தை விட்டு இறங்கியதும் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. வடக்குப் பக்கக் கடல் அசையாமல் கிடந்தது; கரையோரம் படகுகள் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தன. போன் செய்ததும் யோகராணி வந்துவிட்டாள். மதினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நால்வரும் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்தோம். மதினி பொரித்த சூடை மீனோடு ஒரு தட்டுச் சோற்றை முழுக்கச் சாப்பிட்டார். அண்ணன் தன் தட்டை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வரும் வழியில் மதினி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். உச்சிப்புளியில் பஸ் குலுங்கி நின்றபோதுகூட விழிக்கவில்லை.

நான் மதுரைக்குத் திரும்பி இப்போது மூன்று மாதமாகிறது. எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்; பதிலுக்கு நிற்பதில்லை. போன வாரம் சிக்கலுக்குப் போன் போட்டேன். மதினி எடுத்தார்.

"மாலா, இன்னைக்கு எனக்குச் சரியில்ல. பேச முடியல. உங்கண்ணன் கஞ்சி வச்சுக்கிட்டு இருக்காரு. நாளைக்கு நானே கூப்புடுறேன்" என்று வைத்துவிட்டார்.

ஒரு குறையுமில்லை என்று சொல்லவில்லை. அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.