எதிர்த்தரப்பின் மனு

முதலாளி கோடைக்கு மலையேறியிருந்ததால், வேலைநிறுத்தத்தில் இருந்த அவருடைய நூற்பாலையின் பேச்சுவார்த்தை கொடைக்கானலில் நடந்தது. குறிப்பெடுக்க நான் போயிருந்தேன். அரசு அனுப்பிய சமரச அதிகாரி ஒல்லியானவர். அறைக்குள்ளும் மப்ளரைக் கழற்றாதவர். ஒரு தரப்பின் மனுவை எதிர்த்தரப்பே உரக்க வாசிக்க வேண்டும் என்பது அவர் வழக்கம்.

“இவங்க எழுதினத நான் வாசிக்கணுமா?” என்றார் முதலாளி.

“எங்க கையெழுத்து புரியலேன்னா சொல்லுங்க முதலாளி, எழுத்துக்கூட்டித் தாரோம்” என்றார் சங்கத் தலைவர்.

முதலாளி விறுவிறுவென்று வாசித்தார். ‘பிள்ளை பெற்ற பத்தாம் நாள் வேலைக்கு வரவில்லை என்று நீக்கிய பெண்ணை மீண்டும் சேர்க்க வேண்டும்’ என்ற வரியில் நிறுத்திவிட்டார்.

“வாசிங்க, இன்னும் கெடக்கு” என்றார் அதிகாரி.

“மொதல்ல அந்தப் பொண்ண வரச் சொல்லுங்க” என்றார் முதலாளி. மாலைக்குள் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அந்த வரியில் அவர் நிறுத்துவார் என்று எப்படித் தெரியும் என்று அதிகாரியிடம் கேட்டேன்.

“தெரியாதுங்க. நிறுத்தாம வாசிச்சு முடிச்சவங்களும் இருக்காங்க.”