வெயிலிலும் ஈரச் சேலை

என் மனைவி ஆற்றைக் கடந்துபோய் எவனையோ பார்த்துவிட்டு வருகிறாள் என்றுதான் நான் முதலில் நம்பினேன். எழுபதுகளின் நடுவில், வண்டிப்பெரியாருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். கொழுந்தெடுக்கும் பெண்கள் பனிக்காக இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கை வெயில் ஏறியதும் அவிழ்த்துவிடுவார்கள். இவளோ சொட்டு மழையில்லாத மாசியிலும் மாலைவரை அவிழ்ப்பதில்லை. உள்ளே சேலை நனைந்திருக்கும். ஆற்றைத் தவிர வேறு தண்ணீர் ஏது என்று என் மூளை தீர்ப்பெழுதிவிட்டது.

நான் வேலைபார்த்த தேயிலை பேக்டரியில் வயிற்றுவலி என்று புளுகிவிட்டு, இரண்டு நாள் ஆற்றோரப் புதரில் பதுங்கினேன். என்னைத் தேடி வந்தவை அட்டைகள் மட்டுமே. மூன்றாம் நாளும் பதுங்கியிருந்தபோது, அவள் தோட்ட ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பார்த்தேன். அப்படியானால் கம்பவுண்டர்தான் ஆள்! ஓடிப்போய் ஜன்னலடியில் குந்தினேன். நர்ஸ் பிடித்துவிட்டார்.

“காலெல்லாம் ரத்தமா இருக்கே, வைத்தியம் உங்களுக்கா அண்ணே, அவங்களுக்கா?”

வெளியே வந்த மனைவியிடம் எல்லாவற்றையும் உளறினேன். அவள் சிரிக்கவில்லை.

“மூணாவது பிள்ளை பெறந்ததுலேருந்து, கூடையத் தூக்குனா, தும்முனா, ஒண்ணுக்கு சிந்திருது. உங்ககிட்ட எப்பிடிச் சொல்ல? லயத்துல எல்லா வீட்டுலயும் சொல்லிச் சிரிப்பீங்க.”

சிரித்திருப்பேன். அதுதான் என் லட்சணம்.

அன்று டாக்டரம்மா அவளுடைய பிறப்புறுப்புக்குள் ஒரு ரப்பர் வளையம் வைத்திருந்தார். அது மூத்திரப்பைக்குக் கீழே முட்டுக்கொடுத்தது. சேலை நனைவது பெரும்பாலும் நின்றது.