அண்ணன் வரம்பில் விழவில்லை

எங்கள் அண்ணன் பிறந்தது உன்னிச்சையில். நாங்கள் இரண்டு பேர். அப்பா நேரத்தோடு கண்ணை மூடிவிட்டார். அண்ணன் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு வயல் வட்டையில் இறங்கினார். கல்லடியில் என்னைக் கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். அவரைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒன்றை எழுதுகிறேன்.

சண்டைக் காலத்தில் அண்ணனுக்கு முதுகு நோவு வந்தது. இடது கால்வரை இழுத்தது. புளியந்தீவில் பார்த்த டொக்டர், டிஸ்க் விலகியிருக்கிறது என்றார்.

"முதுக வெட்டி ஒப்பரேசன் செய்யுறது கடைசிக் கதை. மூணு மாசம் பாரம் தூக்காதீங்க, குனியாதீங்க. படுத்தே கிடக்கவும் வேணாம். கால் விறைச்சா உடன வாங்க."

அண்ணன் அப்படியே செய்தார். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுத்தார். விழுந்ததைக் குந்தி எடுத்தார். காலையில் குளக்கட்டில் கொஞ்சம் நடந்தார், நாளுக்கு நாள் கூட்டினார். பஸ்ஸில் போகும்போது மட்டும் டொக்டர் கொடுத்த அகலப் பெல்ட்டை இடுப்பில் கட்டினார்.

"என்ன மச்சான், இடுப்பக் கட்டிக்கிட்டுச் சண்டைக்கா?" என்று கூட்டாளிமார் பகிடி பண்ணுவார்கள்.

"ஓம், என்ர முதுகோடதான்" என்பார்.

இரண்டாம் மாதம் நோவு பாதியாகக் குறைந்தது.

அறுவடை முடிந்து நான் கல்லடியிலிருந்து ஊருக்கு அரிசி எடுக்கப் போனேன். என்னைக் கொண்டுவந்து விட அண்ணன் வெளிக்கிட்டார். பெல்ட்டைக் கண்டதும் எனக்குப் பயம்.

"கழட்டி வையுங்க அண்ணே. ஆமிக்காரன் தடவிப் பார்த்தா குண்டெண்டு நினைப்பான்."

"டொக்டர்ர துண்டு இருக்கு புள்ள."

"அது இங்கிலீசில கிடக்கு. ஆர் வாசிச்சுக் காட்டுறது? உங்களோட சேர்த்து என்னையும்தான் பிடிப்பான்."

அண்ணன் பெல்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

சோதனைச் சாவடியில் எல்லாரும் இறங்கி, சாமானோடு நடக்க வேண்டும். அரிசிச் சாக்கை நான் தூக்கப் போனேன். காவலில் நின்றவன் அண்ணனைத் தூக்கச் சொல்லிக் கை காட்டினான். அண்ணன் என்னைப் பார்த்தார். நோய் வருத்தம் என்பதற்கு எனக்கு ஒரு சிங்களச் சொல் தெரியும். 'லெட.' அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. அண்ணன் குனிந்து தூக்கினார்.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது இடது காலில் செருப்பு இல்லை. கழன்றது அவருக்குத் தெரியவில்லை.

பிறகு கொழும்பில் முதுகை வெட்டி ஒப்பரேசன் செய்தார்கள். நோவு போனது. பாதம் சரிவரவில்லை. இழுத்துத்தான் நடந்தார். வட்டையைக் குத்தகைக்குக் கொடுத்தார்.

எப்படி நடந்தது என்று டொக்டர் கேட்டதற்கு, வயல் வரம்பில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். ஊருக்கும் அதையே சொன்னார். சொல்வழி கேளாமல் வயலுக்குப் போனவர் என்று எல்லாரும் ஏசினார்கள். அம்மாவும் ஏசினா. நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன்.

"சும்மா இரு புள்ள. நீ ஏச்சுத் தாங்க மாட்டாய். எனக்குப் பழகிட்டு."

சும்மா இருந்தேன். இத்தனை வருசம்.

கடைசியில் மூன்று நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில் இருந்தேன். அப்போதும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதோடு அவரும் கண்ணை மூடிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடிய அயலவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், முப்பத்தோராம் நாள் காரியம்வரை எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கும் நன்றி.

அண்ணனை ஏசியவர்கள் இனி என்னை ஏசுங்கள். அவர் சொல்வழி கேளாதவர் இல்லை. டொக்டர் சொன்னது முழுக்கக் கேட்டார். நான் சொன்னதையும் கேட்டார்.

— தங்கச்சி