மூன்று முறை கேட்ட பூ

என் மகளின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

மே மாதம், புதன்கிழமை, காலை 10.40. பள்ளியின் அறிவிப்புப் பலகையில், ஆறாம் வகுப்புக்குத் தேர்வானவர்களின் பெயர்களை ஒட்டியிருந்தார்கள். மேலிருந்து கீழே படித்தேன். கீழிருந்து மேலே படித்தேன். பிறகு ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தேன். ஹரிணி என்று இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேருக்குமே எங்கள் இனிஷியல் இல்லை.

"அம்மா, ரெண்டாவது பக்கம் இருக்குங்களா?" என்று பக்கத்தில் நின்ற என் மகள் கேட்டாள்.

இரண்டாவது பக்கம் இல்லை.

இடம் கிடைக்காமல் போவது ஊரில் நடக்காததல்ல. அந்தப் பள்ளியின் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. பள்ளியின் பெயரை இங்கே எழுதாததும் அதனால்தான். நான் அதிர்ந்துபோனதற்குக் காரணம் வேறு. எங்கள் குலதெய்வம் செல்லாண்டியம்மன் அந்தப் பள்ளிக்குப் பூக் கொடுத்திருந்தாள். அப்படித்தான் நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

பூக் கேட்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணமோ, போர்வெல் போடுவதோ, எதுவானாலும் குலதெய்வத்திடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்குவோம். பூசாரி ஒரு காகிதத்தில் வெள்ளை அரளியும், இன்னொன்றில் சிவப்பு அரளியும் வைத்து ஒரே மாதிரி மடிப்பார். குலுக்கி அம்மன் முன்னால் போடுவார். மனதில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம்.

மார்ச் மாத அமாவாசையன்று நான் மட்டும் கோயிலுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். "வெள்ளைப் பூ வந்துருச்சு கண்ணு" என்று ஹரிணியிடம் சொன்னேன். அவள் வகுப்பில் எல்லோரிடமும் சொன்னாள். என் வீட்டுக்காரரின் அக்கா, நான் நங்கையா என்று கூப்பிடுபவர், தெரு முழுவதும் சொன்னார்.

பட்டியல் வந்த அன்று சாயங்காலம் அதே நங்கையா வந்து வாசலிலேயே நின்றார்.

"ஏனம்மணி, ஆத்தா குடுத்ததை இந்த இஸ்கோல்காரங்க குடுக்க மாட்டேங்கறாங்களா? ஆத்தாளைவிடப் பெரிய ஆளுங்களா அவங்க?"

கேலியாகச் சொன்னாரா, வருத்தத்தில் சொன்னாரா என்று தெரியவில்லை. உள்ளே ஹரிணி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு இட்லி வைத்தால் அரை இட்லி. சோற்றைப் பிசைந்து ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். சண்டை போடவில்லை, அழவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சனிக்கிழமை தலை பின்னிவிடும்போது, திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாள்.

"அம்மா, எல்லாருக்கும் சாமி பூக் குடுத்தா நடக்குதுங்கல்ல? எனக்கு மட்டும் குடுத்துட்டு இல்லைன்னு பண்ணிருச்சு. சாமிக்கு என்னெப் புடிக்கலீங்களா?"

என் கை நின்றுவிட்டது. பதில் எனக்குத் தெரியும்.

உண்மையை இப்போது எழுதுகிறேன். நான் பூவை ஒரு முறை மட்டும் கேட்கவில்லை. மூன்று முறை கேட்டேன்.

நான் ஒரு பம்பு கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் இருபத்தொரு வருடமாக வேலை செய்கிறேன். ஒரு அளவு சந்தேகமாக இருந்தால் மறுபடியும் எடுப்போம். அதுவும் சந்தேகமானால் மூன்றாவது தடவை எடுப்போம். அன்று முதலில் சிவப்பு வந்தது. நான் சரியாக நினைக்கவில்லை என்று இன்னொரு முறை போடச் சொன்னேன். மறுபடியும் சிவப்பு. பூசாரி என் முகத்தைப் பார்த்தார். "போதுமுங்களே அம்மணி" என்றார். "இன்னும் ஒரே தடவைங்க" என்றேன். மூன்றாவது முறை எடுத்த பொட்டலத்தில் வெள்ளை இருந்தது. எனக்கு வேண்டிய அளவு வந்துவிட்டது. சந்தோஷமாக பஸ் ஏறிவிட்டேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. ஆனால் டைரியில் எழுதியிருந்தேன். பதினேழு வயதிலிருந்து டைரி எழுதுகிறேன்; அதில் ஒரு நாளும் பொய் எழுதியதில்லை. வாயால் பொய் சொன்னேன்.

ஹரிணியிடம், "அப்படியெல்லாம் இல்ல கண்ணு, தலையை ஆட்டாத" என்று மட்டும் சொல்லி, பின்னி முடித்துவிட்டேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. பட்டியல் வந்து ஒன்பதாவது நாள். லீவு நாட்களில் ஹரிணி வீட்டில் இருப்பாள்; மத்தியானம் அடுத்த தெருவில் இருக்கும் நங்கையா வீட்டுக்குச் சாப்பிடப் போவாள். 1.10-க்கு கம்பெனியில் எனக்கு போன் வந்தது.

"அம்மணி, புள்ளை இன்னும் சாப்புட வரலை. உன்ற ஊட்டுல போய்ப் பாத்தேன். பூட்டியிருக்குது. சாவி சன்னல்ல இருக்குது."

அளவு பார்க்கும் மைக்ரோமீட்டர் கையிலிருந்து விழுந்தது. இருபத்தொரு வருடத்தில் முதல் முறை.

என் வீட்டுக்காரர் லேத்து பட்டறையிலிருந்து பைக்கில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். வீட்டைத் திறந்தோம். செருப்பு இல்லை. என் பழைய கைப்பை இல்லை. மேசை மேல் என் டைரி திறந்து கிடந்தது. மார்ச் மாத அமாவாசைப் பக்கம்.

என் கையெழுத்தில் மூன்று வரி: "முதல் முறை: சிவப்பு. இரண்டாம் முறை: சிவப்பு. மூன்றாம் முறை: வெள்ளை."

அதற்குக் கீழே பென்சிலில், நான் எழுதுவது போலவே நேரம் போட்டு, என் மகள் எழுதியிருந்தாள்:

"வெள்ளி. காலை 11.20. கோயிலுக்குப் போறேன். நான் ஒரே தடவைதான் கேப்பேன்."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தைப் படித்தார். என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எந்திரி. வழியில பேசிக்கலாம்" என்றார். வழியிலும் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

கோயில் காங்கயம் தாண்டி, கரூர் ரோட்டில் இருக்கிறது. ஆளில்லாத இடம், சுற்றிலும் கொழுக்கட்டைப் புல் முளைத்த மேய்ச்சல் காடு. மத்தியானம் பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிட்டுப் பூசாரி ஊருக்குள் போய்விடுவார். நாலரைக்குத்தான் வருவார். பதினோரு வயதுப் பெண் குழந்தை பூட்டிய கோயில் முன்னால் தனியாக நிற்கும் என்ற நினைப்பே என்னைக் கொன்றது. பூசாரிக்கு போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் ஒரு அம்மா, "பச்சை சுடிதாருங்களா? கைப்பையை நெஞ்சோட புடிச்சுட்டு? கரூர் பஸ்ஸுல ஏறுச்சுங்க. கூட ஆளு இருக்கும்னு நெனச்சுப்போட்டேனுங்க" என்றார்.

வண்டி கிளம்பியது. சூலூர், பல்லடம், ஒன்றும் கண்ணில் படவில்லை. பல்லடம் தாண்டி ஓரிடத்தில் கூட்டம் கூடி ஒரு பஸ் நின்றிருந்தது. என் உயிர் போய்விட்டது. டயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அது வேறு பஸ்.

அந்த இடத்திலிருந்துதான் நான் வேண்டினேன். ஒன்பது நாளாக நான் அம்மனிடம் பேசவே இல்லை. கோபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோபம் இல்லை, வெட்கம். வண்டியின் பின்னால் உட்கார்ந்து, காற்றில் வாய்விட்டுச் சொன்னேன்: "ஆத்தா, நீ முதல் தடவையே சொல்லிட்ட. நான்தான் காதுல வாங்கலை. இப்ப ஒண்ணுதான் கேக்கறேன், ஒரே தடவைதான் கேக்கறேன். என் புள்ளை தனியா நிக்கக் கூடாது. அதுக்கப்புறம் உண்மையை அவகிட்ட என் வாயால சொல்லிடறேன்." மறுபடி சொல்லவில்லை. திரும்பச் சொல்ல வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

3.35-க்குக் கோயில் திருப்பம் வந்தது. முதலில் கேட்டது பாட்டுச் சத்தம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பூட்டியிருக்க வேண்டிய கோயில் முன்னால் ஒரு வேன் நின்றது. மரத்தில் ரேடியோ செட் கட்டியிருந்தது. பந்தலில் வரிசையாக இலை போட்டு முப்பது நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில், முன்பின் தெரியாத இரண்டு பெண்களுக்கு நடுவில், பச்சைச் சுடிதாரில் என் மகள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது நாளாக அரை இட்லி தின்ற பிள்ளை.

ஈரோட்டிலிருந்து காது குத்து வைக்க வந்த குடும்பம். காலையில் வர வேண்டியவர்கள். வழியில் வேன் பழுதாகி, ஒரு மணிக்குத்தான் வந்து சேர்ந்தார்களாம். அதனால் பூசாரி நடை சாத்தாமல் இருந்திருக்கிறார். என் மகள் பஸ்ஸிலிருந்து இறங்கியது ஒன்றரைக்கு. பூசாரியின் போன் ஸ்பீக்கர் பெட்டிக்கு அடியில் சார்ஜில் கிடந்தது.

பக்கத்தில் இருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க, உங்க புள்ளைங்களா? எங்கம்மா வருவாங்க வருவாங்கன்னே சொல்லுச்சுங்க. மொதப் பந்தியிலயும் உக்காந்துச்சு, இப்பவும் உக்காந்திருக்குது. பாயசம் மூணு தடவை வாங்கிருச்சுங்க."

மூன்று தடவை என்றதும் ஹரிணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன்.

பூசாரி வந்தார். "பெத்தவங்க இல்லாம சின்னப் புள்ளைக்குப் பூப் போட மாட்டேன்னு சொல்லிப்போட்டனுங்க. இப்ப வந்துட்டீங்க. கேக்கறதுன்னா கேட்டுக்கலாம் கண்ணு."

நான் அங்கேயே, இலைக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தேன். எத்தனையோ பேர் பார்த்தார்கள். "கண்ணு, சாமிக்கு உன்னெப் புடிக்கும். சாமி உன்னெ ஏமாத்தலை. அந்த இஸ்கூல் வேண்டாம்னு ரெண்டு தடவை என்கிட்டச் சொல்லுச்சு. நான்தான் கேக்கலை. உன்கிட்டயும் மறைச்சுட்டேன்" என்றேன்.

"தெரியுமுங்க. படிச்சேன்" என்றாள். பிறகு, "சனிக்கிழமையே சொல்லியிருக்கலாமல்லங்க?" என்றாள். "சொல்லியிருக்கணும் கண்ணு" என்றேன்.

கை கழுவிக்கொண்டு அம்மன் முன்னால் போனாள். கண்ணை மூடிக்கொண்டு எதையோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுத்தாள். பிரிக்காமலேயே கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"பிரி கண்ணு" என்றார் பூசாரி.

"வேண்டாங்க. செவப்பு வந்துதுன்னா எங்கம்மா மறுபடியும் கேக்கச் சொல்லுவாங்க."

முதலில் என் வீட்டுக்காரர்தான் சிரித்தார். பிறகு பூசாரி. பிறகு ஹரிணியும் சிரித்தாள். நான் அம்மன் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அழுகைதான் வந்தது.

ஹரிணி இப்போது எங்கள் வீட்டிலிருந்து எட்டு நிமிடம் நடக்கும் தூரத்தில் இருக்கும் மாநகராட்சிப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. அந்தப் பெரிய பள்ளியின் பஸ் போகும்போது இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அறிவியல் டீச்சரைப் பிடித்திருக்கிறது என்கிறாள். கோ-கோ அணியில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். ராத்திரி நாலு தோசை சாப்பிடுகிறாள். நான் இப்போது அவளிடம் எதையும் மறைப்பதில்லை.

பிள்ளைக்கு நினைத்த பள்ளி கிடைக்காமல் நெஞ்சு கனத்து உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்களுக்கு நான் சொல்வது இதுதான். கேளுங்கள். நம்பிக் கேளுங்கள். நாங்கள் கும்பிடும் அம்மன் பழுதான ஒரு வேனை வைத்துக்கூட ஒரு பிள்ளையைக் காப்பாற்றுவாள். ஆனால் ஒரு தடவை கேளுங்கள். வந்த பதிலை, அது எந்த நிறமாக இருந்தாலும், பிள்ளையிடம் அப்படியே சொல்லுங்கள்.

அந்தப் பொட்டலம் என் டைரியில், அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் இருக்கிறது. பூ காய்ந்து காகிதத்தில் லேசாகக் கறை தெரிகிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நிறம் தெரிந்துவிடும்.

நான் தூக்கிப் பிடிக்கவில்லை.